கைப்பேசி வழியே கன்று விற்பனை

தோவாளை மலர்ச் சந்தையை அறியாதார் நம் மாவட்டத்தில் இலர். விடியுமுன் வந்து இறங்கும் பிச்சியும் அரளியும் சம்பங்கியும் பொழுது ஏறுமுன் கேரளத்துக்கும் பிற இடங்களுக்கும் புறப்பட்டு விடுகின்றன. பூ ஒருநாட் பொருள். அன்றே விலைபோகாவிடில் மறுநாள் எருக்குழிக்குத்தான் போகும். ஆனால் அதே பிச்சியின் வேர்விட்ட கன்று ஒன்று, நீரும் நிழலும் கிடைத்தால், வாங்குவோருக்காக மாதக்கணக்கில் காத்திருக்கும். இராமேசுவரத்தை அடுத்த தங்கச்சிமடத்தில் மல்லிகைத் தண்டுகளை மணற்பாங்கான நிலத்தில் வேர்பிடிக்கச் செய்து வெளி மாவட்டங்களுக்கும் வெளி மாநிலங்களுக்கும் அனுப்புவது நெடுநாளாக நடந்துவரும் தொழில். ஆந்திரத்தில் இராசமுந்திரிக்கு அருகேயுள்ள கடியமும், கேரளத்தில் திருச்சூரை அடுத்த மண்ணுத்தியும் நாற்றங்கால்களாலேயே பெயர் பெற்ற ஊர்கள்.

இவ்வூர்களுக்கு இயற்கை அளித்த வசதியைவிட நாஞ்சில் நாட்டுக்கு அளித்தது குறைவன்று. தென்மேற்குப் பருவமழையும் வடகிழக்குப் பருவமழையும் நமக்கு உண்டு. மலைச்சரிவில் கிராம்பும் சாதிக்காயும் விளைகின்றன. சமவெளியில் வாழையும் பலாவும், கடலோர மணலில் தென்னையும் செழிக்கின்றன. ஆயினும் நமது சிறு நாற்றங்கால்களிற் பெரும்பாலானவை சாலையோரமாக வண்டியை நிறுத்தி வாங்குவோரையே நம்பியுள்ளன. சென்னையிலோ கோயம்புத்தூரிலோ மாடிவீட்டில் குடியிருந்துகொண்டு, ஒரு நல்லமிளகுக் கொடிக்காக ஏங்குபவரிடம் அக்கொடியைக் கொண்டு சேர்க்கும் வழி நம்மவருக்குப் பழக்கமாகவில்லை. கைப்பேசி அவ்வழியைத் திறந்திருக்கிறது. அதில் இறங்க விரும்பும் உழவர் பெருமக்களுக்கும் மகளிர் குழுக்களுக்கும், அவர்களுக்குத் துணைநிற்க வேண்டிய ஊராட்சிப் பொறுப்பாளர்களுக்கும் பயன்படும் செய்திகளை இங்கே எழுதுகிறோம்.

செடி ஊர்விட்டு ஊர் செல்வது புதுமையன்று. நாம் நாள்தோறும் உண்ணும் மரச்சீனி இம்மண்ணில் தோன்றியதன்று. தென் அமெரிக்காவிலிருந்து வந்தது. 1880 முதல் 1885 வரை திருவிதாங்கூரை ஆண்ட விசாகம் திருநாள் மகாராஜா அதன் பயிரை ஊக்குவித்ததனால் அது ஏழை எளியவரின் உணவாயிற்று. நம் மேற்குப் பகுதியை வளப்படுத்தும் ரப்பரோ, 1876-ஆம் ஆண்டு பிரேசிலிலிருந்து இலண்டன் கியூ தோட்டத்துக்குச் சென்ற விதைகளின் வழியே இலங்கைக்கும் மலேயாவுக்கும் பரவிய மரம். கப்பலில் மாதக்கணக்கில் சென்ற கன்றுகள் உப்புக்காற்றில் மடிந்தன. வார்டு என்ற இலண்டன் மருத்துவர் 1829-ஆம் ஆண்டளவில், மூடிய கண்ணாடிப் பெட்டிக்குள் செடி தானே விட்ட ஈரத்தைத் தானே உண்டு பிழைத்திருப்பதைக் கண்டார். அதன் பிறகே கன்றுகள் உயிரோடு கரை சேர்ந்தன. இன்று நாம் அட்டைப்பெட்டியில் வைத்து அனுப்பும் செடிக்கும் அதே விதிதான்: வேரின் ஈரம் போகவும் கூடாது; உள்ளே தேங்கி அழுகச் செய்யவும் கூடாது.

விற்பனை முறையும் முற்றிலும் புதிதன்று. நம் நாட்டுத் தபால் இலாகா 1877-ஆம் ஆண்டில் வி.பி.பி. முறையைத் தொடங்கிற்று. பொருளைத் தபாற்காரர் கொண்டுவந்து கொடுத்துப் பணத்தை வாங்கிச் செல்லும் அம்முறையில், விலைப்பட்டியலைப் பார்த்து விதை வரவழைத்தவர்கள் பலர். பட்டியல் இன்று கைப்பேசித் திரைக்கு வந்துவிட்டது. அவ்வளவே வேறுபாடு எனலாம். வாங்குபவர் பொருளைத் தொட்டுப் பாராமல் விற்பவரின் சொல்லை நம்பிப் பணம் அனுப்புகிறார் என்ற அடிப்படை மாறவில்லை.

எதை விற்பது?

எல்லோரும் விற்பதை நாமும் விற்கலாகாது. ரோசாவும் குரோட்டன்சும் நகரத்துக் கடைகளிலேயே கிடைக்கும். அவற்றில் பெரிய நிறுவனங்களோடு விலையில் போட்டியிட்டுச் சிறு நாற்றங்கால் வெல்வது அரிது. நம் மண்ணுக்கே உரியவை, பெட்டியில் அடங்குபவை, எடை குறைந்தவை என்ற மூன்று தகுதியும் உடையவற்றையே முதலில் எடுத்துக்கொள்ள வேண்டும்.

அத்தகுதிகள் மூன்றும் நிரம்பியது புதர் மிளகு. நல்லமிளகுக் கொடியின் அடியில் தரையில் ஓடும் தண்டை வெட்டி நட்டால் அது மரமேறும் கொடியாகும். காய்க்கும் பக்கக்கிளையை வெட்டி வேர்பிடிக்கச் செய்தாலோ, அது ஏறாமல் புதராக நின்று தொட்டியிலேயே காய்க்கும். மாடியில் நான்கு தொட்டிக்கு இடமுள்ளவருக்கு இது விருப்பமான செடி. பக்கக்கிளை ஓடுகொடியைப் போல எளிதில் வேர்விடாது. நூறு வைத்தால் நூறும் தேறும் என்று எதிர்பார்க்க வேண்டாம். அதனாலேயே அதற்கு நல்ல விலை உண்டு. தோட்டம் உடையவர்களுக்கு ஓடுகொடிக் கன்றுகளை அனுப்பலாம். பிப்ரவரி, மார்ச்சு மாதங்களில் இரண்டு மூன்று கணுக்களுடன் தண்டை வெட்டி, மண், மணல், தொழுவுரம் கலந்த பாலிதீன் பைகளில் நிழல்வலையின் கீழ் வைத்தால், தென்மேற்குப் பருவமழை தொடங்கும்போது கன்று விற்பனைக்கு ஆயத்தமாகும்.

கறுவா, பிச்சி, மருத்துவக் குணமுள்ள சிறு செடிகள், வருக்கைப் பலாவின் ஒட்டுக்கன்று, நம் பகுதிக்கே உரிய செங்கவருக்கை மாவின் ஒட்டுக்கன்று ஆகியவையும் தகும். தென்னங்கன்று அவ்வாறன்று. ஈத்தாமொழி நெட்டைத் தென்னை புவிசார் குறியீடு பெற்ற சிறந்த இனமே எனினும், மட்டையோடு கூடிய கன்றைக் கூரியரில் அனுப்பினால் கூலி கன்றின் விலையை விழுங்கிவிடும். பத்து உழவர் சேர்ந்து கேட்டால் லாரியில் ஏற்றி அனுப்புவதே தென்னைக்குப் பொருந்தும். அப்பொழுதும், வேர்வாடல் நோய் தென்பட்ட தோப்பிலிருந்து நெற்று எடுத்தலாகாது.

விதை விற்க எண்ணுவோர் ஒன்றை நினைவில் வைக்க வேண்டும். கத்தரி, வெண்டை விதைகளைப் போலப் பலா, அயனி, சாதிக்காய், கிராம்பு, கறுவா ஆகியவற்றின் விதைகளை உலர்த்திச் சேமிக்க இயலாது. உலர்ந்தால் அவற்றின் உயிர் போய்விடும். கிராம்பு விதைக்குப் பழம் பறித்தபின் ஏறக்குறைய ஒரு வாரமே ஆயுள். இவற்றை உறையிலிட்டு விலை கூறுவது, தெரிந்து செய்தாலும் தெரியாது செய்தாலும், பிணத்தை விற்பதற்கு ஒப்பாகும்.

தாய்மரமே மூலதனம்

இத்தொழிலின் மூலதனம் கைப்பேசியென்று பலர் எண்ணுகின்றனர். நிழல்வலையும் பைகளும் என்று சிலர் எண்ணுவர். நாம் கருதுவது வேறு. துணி வாங்கியவர் சாயம் போவதை முதல் சலவையிலேயே கண்டுகொள்வார். அரிசி வாங்கியவர் அன்றிரவே சோற்றில் அறிவார். கன்று வாங்கியவரோ அது காய்க்கும்வரை உண்மையை அறிய வழியில்லை.

சாதிக்காயை எடுத்துக்கொள்வோம். அதில் ஆண்மரம் வேறு, பெண்மரம் வேறு. விதையிலிருந்து முளைத்த கன்றுகளில் ஏறத்தாழப் பாதி ஆணாகிவிடும். ஆறு முதல் எட்டு ஆண்டுகள் நீரூற்றி வளர்த்து, பூத்தபின்னரே எது எது என்று தெரியவரும். காய்க்கும் பெண்மரத்திலிருந்து கிளையெடுத்துக் கட்டிய ஒட்டுக்கன்றாயின் இந்த ஐயமில்லை. விதைக்கன்றை ஒட்டுக்கன்று என்று சொல்லி விற்றவர் ஒருவர் இருப்பாராயின், அவர் வாங்கியவரிடமிருந்து எடுத்துக்கொண்டது கன்றின் விலையை மட்டுமன்று, ஒரு குடும்பத்தின் எட்டு ஆண்டுகளையும்தான். பலாவிலும் இப்படியே; வருக்கையின் கொட்டையிலிருந்து முளைத்தது வருக்கையாகவே இருக்குமென்ற உறுதியில்லை, கூழனாகவும் இருக்கலாம்.

ஆகவே நாற்றங்கால் வைக்க விழைவோர் முதலில் வாங்க வேண்டியது ஒரு குறிப்பேடு. ஒவ்வொரு தாய்மரத்துக்கும் ஒரு எண் இடுக. அது யார் தோட்டத்தில் எங்கே நிற்கிறது, எவ்வகைக் காய், எந்த மாதம் காய்ப்பு, நோயுண்டா என்பவற்றை எழுதுக. கிளை வெட்டிய நாளையும் கட்டிய ஒட்டுகளின் எண்ணிக்கையையும் குறித்து, அதே எண்ணைக் கன்றில் கட்டும் அட்டையிலும் எழுதுக. பழம் தொங்கும் தாய்மரத்தின் படமே கைப்பேசியில் இடத்தக்க சிறந்த விளம்பரம். நல்ல இனம் கைவசம் இல்லாதோர், பேச்சிப்பாறையிலுள்ள தமிழ்நாடு வேளாண்மைப் பல்கலைக்கழகத்தின் தோட்டக்கலை ஆராய்ச்சி நிலையத்தை அணுகலாம். பிபிஐ-1 என்ற பலா இனத்தை வெளியிட்டது அந்நிலையமே. பேச்சிப்பாறையிலும் கன்னியாகுமரியிலும் அரசு தோட்டக்கலைப் பண்ணைகள் உள்ளன. திருப்பதிசாரத்து வேளாண் அறிவியல் நிலையமும் ஆலோசனை கூறும்.

காட்டிலிருந்து செடி எடுத்து விற்கலாமா என்ற கேள்வி வருவதுண்டு. மலையிலுள்ள ஆர்க்கிடு, பெரணி முதலியவற்றின் படங்களை இணையத்தில் கண்டோர் அவற்றுக்கு விலை கேட்கின்றனர். வனத்திலிருந்து அனுமதியின்றிச் செடி பெயர்ப்பது குற்றம். 1972-ஆம் ஆண்டு வனவுயிர்ப் பாதுகாப்புச் சட்டம் விலங்குகளை மட்டுமன்றிச் சில செடியினங்களையும் காக்கின்றது. தோட்டத்தில் பெருக்கியதையே விற்க வேண்டும்.

நோயும் உடன்பயணியாகும்

செடியோடு பூச்சியும் நோயும் பயணம் செய்யும் என்பதை நம் மாநிலம் அண்மை ஆண்டுகளிலேயே மும்முறை கண்டது. பப்பாளி மாவுப்பூச்சி 2008-ஆம் ஆண்டில் கோயம்புத்தூர்ப் பகுதியில் காணப்பட்டது. மல்பெரி, மரவள்ளி எனப் பல பயிர்களை அழித்தது. 2010-ஆம் ஆண்டில் வெளிநாட்டிலிருந்து ஓர் ஒட்டுண்ணிக் குளவியை வரவழைத்து விட்ட பிறகே அது அடங்கிற்று. 2016-ஆம் ஆண்டில் பொள்ளாச்சித் தென்னைகளில் சுருள் வெள்ளை ஈ தோன்றியது. 2020-ஆம் ஆண்டில் கேரளத்தில் கண்டறியப்பட்ட மரவள்ளி மாவுப்பூச்சி விரைவில் தமிழ்நாட்டு வயல்களுக்கும் வந்தது. மரச்சீனியை நம்பியிருக்கும் நமக்கு இது வேறு யாருடைய கதையோ அன்று. இலையின் அடிப்புறத்தைப் பாராமல் ஒரு கன்றையும் கட்டக்கூடாது.

வாழையில் இன்னும் கவனம் தேவை. நம் மட்டி வாழை 2023-ஆம் ஆண்டில் புவிசார் குறியீடு பெற்றபின் அதன் கன்றைக் கேட்போர் பெருகுவது இயல்பே. செந்துளுவனுக்கும் ஏத்தனுக்கும் எப்போதும் விருப்பம் உண்டு. ஆனால் முடிக்கொத்து நோய் வாழைக் கன்றின் வழியே பரவும். கீழ்ப்பழனி மலையின் விருப்பாட்சி வாழையை நலிவித்தது அந்நோய்தான். அது பரவாதிருக்கவே, 1914-ஆம் ஆண்டுப் பூச்சி நோய்ச் சட்டத்தின் கீழ், தமிழ்நாடு உள்ளிட்ட சில மாநிலங்களிலிருந்து வாழைக் கன்றுகளை வெளிமாநிலங்களுக்கு அனுப்புவதற்குத் தடை அறிவிக்கப்பட்டது. எனவே தோட்டக்கலை அலுவலரிடம் எழுத்து மூலம் கேட்டறியாமல் வாழைக் கன்றை மாநில எல்லைக்கு அப்பால் அனுப்ப முற்பட வேண்டாம். திசு வளர்ப்புக் கன்றாயின் நச்சுயிரிச் சோதனை செய்து சான்றளிக்கும் முறை நாட்டில் உண்டு. நல்லமிளகிலும், வாடல் கண்ட தோட்டத்தின் மண்ணையோ கொடியையோ நாற்றங்காலுக்குள் கொண்டுவரலாகாது.

கட்டும் முறையும் கணக்கும்

நிழலில் வளர்ந்த கன்றை அப்படியே பெட்டியிலிட்டால் அது மூன்றாம் நாள் சோர்ந்துவிடும். அனுப்புமுன் பத்துப் பதினைந்து நாட்கள் சிறிது சிறிதாக வெயிலுக்கும் குறைந்த நீருக்கும் பழக்க வேண்டும். முந்தின நாள் நீர் ஊற்றி, மிகுதியான நீர் வடிந்தபின், வேர்ப்பகுதியைத் தென்னைநார்க் கழிவோடு பையிலிட்டு, மண் சிந்தாதபடி தண்டின் அடியில் இறுகக் கட்டுக. ஒரு குச்சியை நட்டுத் தண்டை அதனோடு இணைத்து, இலைகளைச் செய்தித்தாளால் தளர்வாகச் சுற்றி, துளையிட்ட அட்டைப்பெட்டியில் அசையாமல் வைக்க வேண்டும். இலை ஈரமாக இருக்கும்போது கட்டினால் அழுகல் உறுதி. திங்கள், செவ்வாய்க் கிழமைகளில் அனுப்புவதே முறை. வெள்ளியன்று அனுப்பினால் ஞாயிறு முழுதும் செடி ஏதேனும் ஒரு கிடங்கின் இருட்டில் கிடக்கும். சித்திரை வெயிலிலும், ஐப்பசி கார்த்திகையில் புயல்மழையால் வழித்தடங்கள் தடைப்படும் நாட்களிலும் அனுப்பாமலிருப்பதே இலாபம்.

கூரியர்க் கூலி எடையைப் பொறுத்தது மட்டுமன்று. பெட்டியின் அளவையும் பொறுத்தது. நீளம், அகலம், உயரம் மூன்றையும் சென்டிமீட்டரில் பெருக்கி 5000-ஆல் வகுத்து வருவதைப் பல நிறுவனங்கள் எடையாகக் கொள்கின்றன. 45, 15, 15 என்ற அளவுள்ள பெட்டி, உள்ளே 800 கிராம் செடியே இருப்பினும், இரண்டு கிலோவாகக் கணக்கிடப்படும். அதையே 40, 12, 12 என்று குறைத்தால் ஒரு கிலோவைச் சற்றே தாண்டும். மூன்று விரற்கிடை அட்டையில் கூலி ஏறத்தாழப் பாதியாகலாம் என்பதைத் தொடங்குவோர் கவனிப்பதில்லை. அரசு விரைவுப் போக்குவரத்துக் கழகம் 2022-ஆம் ஆண்டு ஆகஸ்டில் பேருந்துகளில் பார்சல் ஏற்றத் தொடங்கியபோது நாகர்கோவிலும் அத்திட்டத்தில் இடம்பெற்றது. மொத்தமாக அனுப்புவோர் பணிமனையில் விசாரிக்கலாம்.

வாடும் செடியின் கணக்கை விளக்க ஓர் எடுத்துக்காட்டு. எண்கள் நாம் வைத்துக்கொண்டவையே. கன்று ஒன்றை வளர்க்க 40 ரூபாய், கட்ட 25, அனுப்ப 80, ஆக 145. விலை 200 ரூபாய். நூறு கன்றுக்கு மிச்சம் 5,500. வாடிப்போனவற்றுக்கு வேறு கன்று அனுப்புவதாக வாக்களித்திருக்கிறோம். பத்து வாடினால் 1,450 குறைந்து 4,050 நிற்கும். முப்பது வாடினால் 1,150 மட்டுமே. முப்பத்தெட்டு வாடினால் ஒன்றும் இல்லை. பத்து ரூபாய் கைநட்டம். ஆகவே முதல் மாதத்தில் தெரிந்தவர்கள் பத்துப் பேருக்கு மட்டும் வெவ்வேறு ஊர்களுக்கு அனுப்பிப் பார்த்து, எத்தனை பிழைத்தன என்று எண்ணியபின் விலையை நிர்ணயிப்பது அறிவுடைமை.

விலைப்பட்டியலை வாட்ஸ்அப் பிசினஸ் செயலியில் கட்டணமின்றி அமைக்கலாம். பெரிய விற்பனைத் தளங்கள் தரகு பிடிக்கும் ஆகையால் அவற்றைப் பிறகு பார்த்துக்கொள்ளலாம். செடியின் அருகே ஓர் அளவுகோலை நிறுத்திப் படமெடுத்து, உயரம், வயது, ஒட்டா விதைக்கன்றா, காய்க்க எத்தனை ஆண்டு என்பவற்றை எழுத வேண்டும். அனுப்பப்போகும் கன்றின் படமாகவே அது இருத்தல் வேண்டும். இணையத்தில் நீல ரோசா விதையும் ஏழு வண்ண மிளகாயும் விற்கப்படுவதைக் கண்டு மயங்கி அவ்வழியே செல்ல வேண்டாம். 2020-ஆம் ஆண்டு நுகர்வோர் பாதுகாப்பு மின்வணிக விதிகள் பொய் விவரணையையும், விற்பவரே வாங்கியவர்போல் எழுதும் போலிப் பாராட்டையும் தடுக்கின்றன. பெட்டியினுள் ஒரு துண்டுத்தாள் வைப்பதும் கடமை: ஒரு வாரம் நிழலில் வைக்க, உடனே உரம் இடாதிருக்க.

பணம் பெறுவதில் ஓர் எச்சரிக்கை. யுபிஐ மூலம் பணம் பெறுவதற்கு இரகசிய எண் தேவையே இல்லை. “பணம் அனுப்புகிறேன், இந்தக் கியூஆர் படத்தைப் பிடித்து எண்ணை அழுத்துங்கள்” என்று எவரேனும் சொன்னால் அவர் எடுக்க வந்தவர், கொடுக்க வந்தவரல்லர். ஏமாந்துவிட்டால் தாமதியாமல் 1930 என்ற எண்ணுக்குத் தெரிவிக்க வேண்டும்.

உரிமமும் ஊராட்சியும்

பழக்கன்றுகளும் காய்கறி நாற்றுகளும் விற்கும் நாற்றங்கால்கள் 1983-ஆம் ஆண்டு விதைக் கட்டுப்பாட்டு ஆணையின்படி உரிமம் பெற வேண்டும். விதை ஆய்வுத் துணை இயக்குநர் அலுவலகத்தில் விண்ணப்பிக்கலாம். உயிருள்ள செடிகளுக்குச் சரக்கு சேவை வரி இல்லை. வரியற்ற பொருளை மட்டுமே விற்பவர் பதிவு செய்யவும் வேண்டுவதில்லை. தொட்டியும் உரமும் சேர்த்து விற்கத் தொடங்கினால் நிலைமை மாறும். அப்போது வரி ஆலோசகரைக் கேட்டுக்கொள்க.

ஊராட்சிகள் செய்யத்தக்கது என்ன? ஓர் உதாரணம் நம் மாவட்டத்திலேயே இருக்கிறது. 1920-களில் மார்த்தாண்டத்தில் ஒய்.எம்.சி.ஏ. கிராமப் புனரமைப்பு நிலையத்தை நடத்திய டாக்டர் ஸ்பென்சர் ஹாட்ச், சிற்றூர் மக்களின் முட்டையையும் தேனையும் தனித்தனியே சந்தைக்கு விடாமல், தரம் பார்த்துக் கூட்டுறவாக விற்கப் பழக்கினார். தொலைவிலுள்ளவர் நம்பி வாங்கியது தனியொருவரின் பெயரையன்று, தரம் பார்த்த கூட்டத்தின் பெயரை. கன்று விற்பனையிலும் இது இயலும். ஐந்தாறு வீடுகள் தனித்தனியே கன்று வளர்க்கலாம். கட்டுவதும் அனுப்புவதும் ஒரே இடத்தில், நோய் பார்க்கத் தெரிந்த ஒருவரின் கண்முன் நடக்கட்டும். அதற்கொரு கூரையிட்ட இடமும் தண்ணீரும் தரலாம். ஊராட்சியின் எல்லையிலுள்ள சிறந்த பலா, மா, அயனி மரங்களைக் கிராம சபையில் கேட்டறிந்து பட்டியலிடலாம். 2002-ஆம் ஆண்டு உயிரிப் பல்வகைமைச் சட்டம் ஒவ்வோர் உள்ளாட்சியிலும் அமைக்கச் சொல்லும் மேலாண்மைக் குழு செய்ய வேண்டிய பதிவேட்டுப் பணியோடு இது பொருந்திவரும். வீடு கட்டவும் சாலை அகலப்படுத்தவும் பழைய மரங்கள் வெட்டப்பட்டு வருகின்றன. வெட்டுமுன் கிளையெடுத்து ஒட்டுக் கட்டாவிடில் அவ்வினம் அன்றோடு போயிற்று. பிறகு எந்த விலைக்கும் அதை வாங்க இயலாது.

மிளகு ஓடுகொடி வெட்டும் பருவம் பிப்ரவரியில் தொடங்குகிறது. தொடங்க எண்ணுவோர் அதற்குமுன் தாய்க்கொடிகளைப் பார்த்து எண்ணிட்டு, ஓடுகொடி தரையில் வேரூன்றிவிடாதபடி ஒரு குச்சியில் சுருட்டிக் கட்டி வைப்பார்களாக. இருநூறு பை முதல் ஆண்டுக்குப் போதும்.